முதலில் அசைந்தது என் கை

என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட ஒரே ஆளான என் அண்ணாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. திவசத்தன்று அண்ணி இலை போடுவாள். வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். உன் படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அதில் நீ பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளாரினெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாய். வாய் முழுக்கச் சிரிப்பு. நான் உன் வாயில் கை வைப்பதற்கு முந்தைய வருஷம் எடுத்த படம் அது.

ஊர்ச் செய்தி கேட்பாயே. நம் ஊரைத் தனி ஜில்லா ஆக்கப்போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். வேங்கிக்கால் பக்கம் புதுப்புது வீடாக எழும்புகிறது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் ஜாஸ்தியாகிவிட்டதால் அடி அண்ணாமலையில் நம் வீட்டு வாசலில்கூட ஒரு சோடாக்கடை வந்துவிட்டது. உன் மகள் மலர் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டாள். பேசும்போது உன்னை மாதிரியே தலையைச் சாய்த்துக்கொள்கிறாள்.

இதை எழுத வேண்டி வந்ததே அவளால்தான். ஆனால் அவளிடம் வருவதற்கு முன்னால், பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீயும் அங்கேதான் இருந்தாய், என் நாற்காலியில், வாயைத் திறந்துகொண்டு. ஆனாலும் அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது.

அப்பா போனபோது எனக்குப் பதினோரு வயது. நீ எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தேரடித் தெருவில் காதர் பாயின் பேண்டு செட்டில் சேர்ந்தாய். முதலில் ஜால்ரா தட்டினாய், இரண்டே வருஷத்தில் கிளாரினெட்டைக் கையில் எடுத்துவிட்டாய். பாய் டிரம்பெட், நீ கிளாரினெட். திருவண்ணாமலையில் கல்யாண ஊர்வலம் என்றால் மாப்பிள்ளையைப் பார்க்கிற கூட்டத்தைவிட உன்னைப் பார்க்கிற கூட்டம் அதிகம் என்று பாய் சொல்வார். நான் மெட்ராஸில் பல் வைத்தியம் படித்தது உன் மூச்சில்தான். "பொம்பளப் புள்ளைக்குப் பல்லு புடுங்கற படிப்பாடா?" என்று பெரியப்பா கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஊர்ல எவ்ளோ பெரிய மனுசனா இருந்தாலும் எங்க பாப்பா முன்னாடி வாயத் தொறந்துதான ஆகணும்?"

சின்னக்கடைத் தெருவில் மருந்துக்கடை மாடியில் நான் கிளினிக் திறந்தபோது கீழே தெருவில் பேண்டு வாசித்தீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பல் டாக்டர் வீட்டில் கல்யாணமா என்று தெருவே எட்டிப் பார்த்தது.

அடுத்த வருஷம் உனக்கு அந்தப் பல் தொந்தரவு ஆரம்பித்தது. எமர்ஜென்சி முடிந்த வருஷம். கீழ்த்தாடையில் இடது பக்கம், கடைசிப் பல். ஞானப்பல் என்பார்கள். வெளியே வரவே இல்லை. ஈறுக்கு உள்ளேயே படுத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீங்கியது. வீங்கினால் வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காது. வைகாசியில் ஒரு கல்யாணத்தில் நடுப்பாட்டில் நிறுத்திவிட்டு ஓரமாய்ப் போய் உட்கார்ந்துவிட்டாய். மறுநாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாய்.

"ஆடியில கல்யாணம் எதுவும் இல்ல பாப்பா. ஆடியிலயே எடுத்துடு. ஆவணி பொறந்தா நிக்க நேரம் இருக்காது."

மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடியவைத்துவிட்டு உன்னை எக்ஸ்ரே எடுத்துவர அனுப்பினேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நீயும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். பல் முழுசாகப் படுத்திருந்தது. தலை முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லின் மேல் முட்டிக்கொண்டிருந்தது. அதன் வேர்களுக்குக் கீழே இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடின. உதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் போகிறது. வேரைக் கடக்கும் இடத்தில் மேல்கோடு காணாமல் போயிருந்தது. அங்கே வேரின் மேல் ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது.

அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கல்லூரியில் இந்த மாதிரி ஒரு படத்தை எங்களுக்குக் காட்டி, "இந்தக் கறுப்பைப் பார்த்தா கையைக் கீழே வைச்சிட்டு யோசிங்க" என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேரும் நரம்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வரவே வராது.

"என்ன பாப்பா தெரியுது?" என்றாய்.

"படுத்துக்கிட்டு இருக்குண்ணா. எழுப்பிடலாம்."

நீ சிரித்தாய். அண்ணிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "மெட்ராஸ்ல பெரிய டாக்டருங்க இருப்பாங்களே, ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமே" என்றாள்.

"என் தங்கச்சிய விடவா?" என்றாய் நீ.

அந்த மூன்று வார்த்தையில் நான் மயங்கிப்போனேன். படத்தை உறையில் போட்டு மேஜை டிராயரில் வைத்தேன். உன் உதட்டை வைத்துத்தான் உன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தக் கறுப்புப் பட்டையைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டுவிட்டு நீ "பரவால்ல, நீயே எடு" என்றுகூடச் சொல்லியிருப்பாய். ஆனால் அது உன் முடிவாக இருந்திருக்கும். அதைச் சொல்லக்கூட நான் உனக்கு இடம் கொடுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாய். அண்ணி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். காதர் பாயும் செட்டில் இருந்து நாலு பேரும் எதிர் டீக்கடையில் காத்திருந்தார்கள். எடுத்த பல்லை அவர்களிடம் காட்டுவதாய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாய். நர்ஸ் ஸ்டெல்லா உன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உதடு மரத்துடுச்சாண்ணா?" என்று கேட்டேன்.

"தடியா இருக்கு. என்னுது மாதிரியே இல்ல."

அண்ணா, அந்த உதடு அதற்குப் பிறகு உன்னுடையதாக ஆகவே இல்லை.

ஈறைக் கீறி விலக்கினேன். பல்லை மூடியிருந்த எலும்பை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்தேன். ஸ்டெல்லா சுத்தியலால் தட்டத் தட்ட நீ கைப்பிடியை இறுக்கிக்கொண்டாயே தவிர, ஒரு முனகல்கூட இல்லை. பல்லை முழுசாகப் பிடுங்கக் கூடாது, தாடை தாங்காது. அதனால் நடுவில் பிளந்தேன். தலை தனியாக வந்தது. ஒரு வேர் வந்தது. இன்னொரு வேரை நெம்பும்போது நுனி ஒடிந்து உள்ளே தங்கிவிட்டது. அரிசி அளவுதான் இருக்கும். அதன் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

அந்த இடத்தைக் கழுவித் துடைத்துப் பார்த்தேன். ஆழத்தில் வெள்ளையாய்த் தெரிந்தது. கறுப்புப் பட்டை விழுந்த அதே இடம். அப்படி ஒரு நுனி நரம்புக்குப் பக்கத்தில் தங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். சீழ் இல்லாத வேர்தான். எலும்பு அதை மூடிக்கொள்ளும். தையல் போட்டுவிட்டு, இந்த மாதிரி ஒரு துண்டு உள்ளே இருக்கிறது என்று உன்னிடம் சொன்னால் போதும். இதுவும் எனக்குப் பாடத்தில் இருந்ததுதான்.

நான் விடவில்லை. தட்டில் அந்தப் பல்லின் துண்டுகளைப் பார்த்தேன். ஒன்றில் நுனி இல்லை. கீழே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். முழுசாகக் காட்டவேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் அண்ணா. இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

மெல்லிசான நெம்புகோலை எடுத்து உள்ளே விட்டேன். முதல் தடவை நுனி அசைந்து கொடுத்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் அழுத்தினேன். கை சறுக்கியது. கம்பி மெத்தென்ற ஒன்றில் இறங்கியது என் விரலுக்குத் தெரிந்தது.

அதற்கு அப்புறம்தான் உன் தலை துள்ளியது.

இந்த வரிசையைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் என் கை. அப்புறம் உன் தலை. கரண்டு அடித்த மாதிரி நீ துள்ளினாய். நரம்பைத் தொட்டால் மரத்த ஆளும் துள்ளத்தான் செய்வான். ஸ்டெல்லா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். "ஆடாதண்ணானு சொன்னேன் இல்ல?"

வாயில் பஞ்சோடு நீ கையைத் தூக்கி, மன்னித்துக்கொள் என்பது போல் அசைத்தாய். அந்த நுனியும் வந்துவிட்டது. தட்டில் வைத்தேன். பல் முழுசாக இருந்தது.

அண்ணி மாடிக்கு வந்தாள், பின்னாலேயே பாய் வந்தார். "நல்லபடியா வந்துடுச்சு அண்ணி. கடைசில அண்ணன் கொஞ்சம் ஆடிடுச்சு, அதான் நேரமாயிடுச்சு" என்றேன். பாய் உன் முதுகில் தட்டி, "அரே ஏழுமலை, ஊரையே ஆட வைக்கிற ஆளு, நீயே ஆடிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் கோணல் வாயோடு சிரித்தாய்.

சாயங்காலத்துக்குள் விலகவேண்டிய மரப்பு மறுநாளும் விலகவில்லை. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது, தையல் பிரித்தேன், வாய் நன்றாகத் திறந்தது. உதட்டின் இடது பாதியும் முகவாயும் மட்டும் மரம் மாதிரியே இருந்தன. "மூணு மாசம் ஆகும்ணா, நரம்பு மெதுவாத்தான் முளைக்கும்" என்றேன். "ஆவணி போய்டுமே" என்றாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கிளாரினெட்டின் ரீடு, வாயில் வைக்கிற அந்த நாணல் சீவல், கீழுதட்டின் மேல்தான் உட்காரவேண்டும் என்று நீதான் எனக்குச் சின்ன வயசில் காட்டியிருக்கிறாய். உதட்டை உள்ளே மடித்துப் பல்லின் மேல் மெத்தை மாதிரி வைத்து, எவ்வளவு அழுத்துகிறோம் என்று உதடே கணக்குப் பார்த்துக்கொள்ளும் என்பாய். உன் உதட்டில் பாதிக்கு அந்தக் கணக்கு போய்விட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் போளூர் ரோட்டில் ஊர்வலம். நானும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தேன். நீ எடுத்த எடுப்பிலேயே கிளாரினெட் கீச்சென்றது. இடது ஓரமாகக் காற்று போனது. எச்சில் வழிந்து கோட்டுப் பொத்தான் வரை இறங்கியது உனக்குத் தெரியவே இல்லை. பெண் வீட்டார் யாரோ சிரித்தார்கள். பாய் உடனே டிரம்பெட்டைத் தூக்கிப் பாட்டை வாங்கிக்கொண்டார். நீ வாத்தியத்தை இறக்கிவிட்டு உதட்டைத் துடைத்தாய். வலது பக்கத்தைத் துடைத்தாய். இடது பக்கம் வழிந்துகொண்டே இருந்தது.

அதற்கு ஒரு வாரம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தாய். நான் பேசுவதற்கு முன்னாலேயே நீ ஆரம்பித்தாய்.

"நீ மனசுல எதுவும் வச்சுக்காத பாப்பா. நீ அவ்ளோ சொல்லியும் நான்தான் ஆடிட்டேன். என் தப்பு. உன் மேல ஒரு கொறையும் இல்ல."

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. நீ கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய், முதுகை எனக்குக் காட்டியிருந்தாய். முகத்தைப் பார்க்காமல் சொல்ல அதைவிட நல்ல நேரம் ஏது? நான் ஆயுதங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை தோறும் வந்தாய். அன்றைக்கு யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், உனக்கு ஓய்வு. உன் கண்ணைத் துண்டால் கட்டி, உதட்டில் ஊசி முனையால் தொட்டு, "இங்க?" என்று கேட்பேன். தெரிகிற இடத்தில் "ம்" என்பாய். ஒரு அட்டையில் உன் உதட்டின் படத்தை வரைந்து, தெரியாத இடத்துக்குப் பென்சிலால் நிழல் போடுவேன். மூன்று மாதம் ஆறு மாதம் ஆனது. ஆறு மாதம் ஒரு வருஷம் ஆனது. "வந்துடும்ணா" என்றேன் ஒவ்வொரு வாரமும். ஒரு வருஷத்துக்கு மேல் வராதது இனி வராது என்று புத்தகத்தில் இருந்ததை உன்னிடம் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் நிழல் குறைய ஆரம்பித்தது. முகவாயில் ஒரு இடத்தில் "ம்" என்றாய். அடுத்த வாரம் உதட்டின் ஓரத்தில். அடி அண்ணாமலைக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன், அவள் கோயிலில் விளக்குப் போட்டாள். ஆனால் நீ இன்னும் கிளாரினெட்டைத் தொடவில்லை. பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நடந்துகொண்டிருந்தாய். டீ குடித்தால் உதடு பொத்துப்போவது நிற்கவில்லை. சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு ரத்தம் வருவது தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை, உன் கண்ணைக் கட்டிவிட்டு ஊசியை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்திக்கொண்டேன்.

"இங்க?" என்றேன்.

"ஆங், லேசா குத்துது" என்றாய்.

ஊசி காற்றில் இருந்தது. இன்னொரு தடவை தொடாமல் கேட்டேன். "இப்போ நல்லாவே தெரியுது பாப்பா" என்று சொல்லிச் சிரித்தாய்.

என் குரலைக் கேட்டுக் கேட்டு, நான் எப்போது நிம்மதி அடைகிறேன் என்று பழகி வைத்திருந்தாய். எனக்காகத்தான் அத்தனை வாரமும் "ம்" சொல்லியிருக்கிறாய். துண்டை அவிழ்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும் உனக்கும் புரிந்துவிட்டது.

"என்ன பாப்பா?"

"ஒண்ணும் இல்லண்ணா. நல்ல முன்னேற்றம்."

அடுத்த செவ்வாய் நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அட்டையைக் கிழிக்கவும் மனசு வரவில்லை.

அப்புறம் ஆறு வருஷம் நீ இருந்தாய். பெரிய டிரம்மைத் தூக்க முதுகு விடவில்லை என்று கடைசியில் கிலுகிலுப்பையைக் கொடுத்தார்கள். கிளாரினெட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஊரில் நீ கிலுகிலுப்பை குலுக்கிக்கொண்டு போனாய். காதர் பாய் உன்னை விட்டுவிடவில்லை, அதைச் சொல்லவேண்டும். ஆனால் அவர் வாயிலிருந்துதான் அந்தப் பேரும் வந்தது. செட்டில் புதுசாய்ச் சேருகிற யாராவது வரிசையில் நிற்காமல் நெளிந்தால், "டேய், ஆட்டம் ஏழுமலை ஆயிடாத" என்பார். விளையாட்டாகத்தான் சொன்னார். முடிதிருத்தும் கடையில்கூட அந்தப் பேச்சு பரவியது. நீயும் கேட்டுச் சிரிப்பாய். ஒருநாள் தேரடித் தெருவில் என் காதிலும் விழுந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன்.

ஆறாவது வருஷ மழைக்காலத்தில் உனக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பன்னிரண்டு நாள். மூன்றாம் நாளே உன் கண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் வாய் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அங்கே வழிவது உனக்குத் தெரியாதே. அன்றைக்கு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கியா? விடு" என்றாய். நான் வாயைத் திறந்தேன். அப்போது அண்ணி கஞ்சித் தூக்கோடு வந்தாள். அவள் வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். பொய். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் சொல்லவில்லை.

இப்போது மலர் விஷயம்.

போன மாதம் அண்ணி அவளை அழைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். மலர் கன்னத்தில் கை வைத்திருந்தாள். கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிப் பல். "உங்கண்ணன் பொண்ணு இல்ல, அதையும் அப்படியே எடுத்துக்கிட்டு பொறந்திருக்கா" என்று அண்ணி சிரித்தாள். "நீயே எடுத்துடு சரோஜா. வேற யாருகிட்டயும் காட்ட மனசில்ல."

எக்ஸ்ரேயைப் பார்த்தேன். படுத்த பல். வேரின் மேல் கறுப்புப் பட்டை. மேல்கோடு காணோம்.

"மெட்ராஸுக்குக் கூட்டிப் போங்க அண்ணி. கடிதம் தரேன்" என்றேன்.

"ஏன்? உன்னால ஆகாதா?"

"என்னால ஆகாது."

"அவ ஆட மாட்டாடி. நான் புடிச்சுக்கறேன் தலைய. அவங்கப்பா மாதிரி இல்ல இவ."

மலரை வெளியே உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனுடைய படத்திலும் இந்தக் கறுப்பு இருந்தது, பார்த்தேன், சொல்லவில்லை. நுனியை விட்டிருக்கலாம், விடவில்லை. முதலில் சறுக்கியது என் கை. அவர் அதற்கு அப்புறம்தான் துள்ளினார்.

அண்ணி எக்ஸ்ரேயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் என்ன தெரியும்?

"அவருகிட்ட சொன்னியா?"

"இல்ல அண்ணி."

"சாகற வரைக்கும் சொல்லலியா?"

"இல்ல."

"எட்டு வருசம்" என்றாள். "எட்டு வருசம் அந்த மனுசன் பொலம்புனாரு. 'ஒரு நிமிசம் ஆடாம இருந்திருந்தா இந்நேரம் நான் வாசிச்சுக்கிட்டு இருப்பேன் கன்னிம்மா'னு. ராத்திரி தூக்கத்துல தலைய இறுக்கிப் புடிச்சுக்குவாரு, ஆடிடக் கூடாதுனு. எனக்கும் கோவம் வரும். 'சும்மா இருக்கத் தெரியல, இப்போ அழுது என்ன?'னு நானே திட்டியிருக்கேன். என் வாயால திட்டியிருக்கேன் சரோஜா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து கதவைத் திறந்து, "வா மலரு" என்று மகளை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மெட்ராஸில் மலருக்கு ஆபரேஷன் நடந்தது. வேரின் நுனி ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுத் தைத்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உதடு நன்றாக இருக்கிறதாம். எனக்கு அதில் சந்தோஷப்படக்கூட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. மலர் என்னைப் பார்க்க வரவில்லை. இனி வருவாள் என்றும் தோன்றவில்லை. திவசத்துக்கு இந்த வருஷம் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

ஆனாலும் போனேன். வாசலிலேயே நின்றேன். அண்ணி வெளியே வந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்கிட்ட சொல்லிட்ட. பாய்கிட்ட யாரு சொல்றது? இன்னிக்கும் செட்டுல அவரு பேரச் சொல்லிச் சிரிக்கறாங்க."

"நான் போய்ச் சொல்றேன் அண்ணி."

"பாய்க்கு இப்போ காது கேக்கறதில்ல. டிரம்முக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு அடைச்சுப்போச்சு. கிட்டப் போய்ச் சொன்னாலும் வௌங்காது." கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "கத்தித்தான் சொல்லணும்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அண்ணா, இதனால் உனக்கு என்ன ஆகப்போகிறது? அந்த எட்டு வருஷத்தில் ஒரு நாளையாவது உனக்குத் திருப்பித் தர முடியுமா? உன் தலையை நீ இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிய ஒரு ராத்திரியை மாற்ற முடியுமா? முடியாது. நீ கேட்கவேண்டியதை நீ இல்லாதபோது சொல்கிறேன். இதை எழுதியதால் என் மனசு ஆறிவிட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதே. ஆறவில்லை. ஆறும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. செட்டு ஆட்கள் எல்லோரும் தேரடித் தெருக் கடையில் வாத்தியம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே பூக்கடை, பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். அங்கே போய், பாயின் காதுக்கு எட்டுகிற வரைக்கும், என் அண்ணன் ஏழுமலை ஆடவே இல்லை என்று கத்திச் சொல்கிறேன். ஒரு தடவையில் அவருக்குக் கேட்காது. கேட்கிற வரைக்கும் சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி இல்லாமல்,
உன் கூடப்பிறந்த
சரோஜா